போல்ட்டு மரத்தைத் தொடலாகாது

சிறிய ஃபைபர் படகில் எஞ்சினைத் தாங்கி நிற்கும் பின்பலகை மக்கிப்போய்விட்டால், அதன்மேல் ஓர் அலுமினியத் தகட்டை வைத்து முடுக்கி, விளிம்பெல்லாம் பட்டி பூசி, வெள்ளை வர்ணமும் அடித்து, 'இனிக் கவலையில்லை' என்று படகுக்காரரை அனுப்பிவைக்கிற வழக்கம் இப்பொழுது ஒரு நாகரிகமாகவே பரவிவருகிறது. இந்த நாகரிகத்தின்மேல் எனக்கு எள்ளளவும் மதிப்பில்லை. பல வருஷங்களாகப் படகுகளைப் பழுதுபார்த்து ஜீவிப்பவன் என்ற முறையில், பின்பலகையைப் பிரித்துப் புதுப்பிக்கும் கலை எத்தகையது, அதில் பிரதானமான அம்சம் எது என்பதைப் பற்றி என் அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லவே இங்கே வந்திருக்கிறேன்.

ஃபைபர் படகின் பின்பலகை எப்படி அமைந்தது என்பது நேயர்கள் அறிந்ததே. உள்ளும் புறமும் கண்ணாடி இழைப் படலம், நடுவிலே ஒட்டுப்பலகை, ஆகமொத்தம் பெரும்பாலும் ஒன்றரை அங்குலக் கனம். எஞ்சினின் பாரத்தையும் உந்துதலையும் அந்த நடுப்பலகைதான் சுமக்கிறது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் அதை ஒன்றும் செய்ய இயலாது. ஈரம் ஏறி நின்று, கொஞ்சம் காற்றும் கிடைத்துவிட்டால், உள்ளே சத்தமில்லாமல் தின்னத் தொடங்கிவிடுகிறது. இதிலே விசேஷம் என்னவென்றால், கடல்நீரைக் காட்டிலும் மழைநீரே மரத்துக்குப் பெரிய பகை. உப்பு பூஞ்சைக்கு ஒவ்வாது. ஆகையால் நாள்தோறும் கடலுக்குப் போய்வருகிற படகைவிட, கரையேற்றி மூடாமல் போட்டுவைத்த படகின் பின்பலகைதான் அநேகமாக முதலில் கெடுகிறது. பழைய படகு வாங்குகிறவர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும்.

நீர் உள்ளே நுழைவது எந்த வழியாக? பெரும்பாலும் போல்ட்டுத் துளை வழியாக. மறுபடியும் சொல்லுகிறேன்: போல்ட்டுத் துளை வழியாக. கண்ணாடி இழைப் படலம் நீரைத் தடுக்கும். ஆனால் நாமே அதைத் துளைத்து, வெறும் மரத்தை வெளியே காட்டி, அதற்குள் ஓர் இரும்பைச் சொருகி, சுற்றிலும் கொஞ்சம் சீலன்ட் தடவிவிட்டு, எஞ்சினின் அதிர்வில் அந்த சீலன்ட் என்றைக்கும் விலகாது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

குமரிக் கரையைச் சேர்ந்த ஒரு மீனவர், இரண்டாம் கையாக வாங்கிய படகைக் காட்டி, "அண்ணாச்சி, பார்க்க புதுசு மாதிரிதான் இருக்கு, எஞ்சின் மட்டும் கொஞ்சம் ஆடுது, ஏன்னு தெரியல" என்றார். எஞ்சினின் அடிப்பாகத்தைப் பிடித்து மேலே தூக்கினேன். பின்பலகை கண்ணுக்குத் தெரியும்படி வளைந்தது. சிறு சுத்தியலால் மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். மேல்பாகத்தில் 'டக், டக்' என்று கெட்டியாக ஒலித்தது, எஞ்சின் போல்ட்டுகளை நெருங்கியதும் 'தொப், தொப்' என்று மாறிவிட்டது. கீழே ஒரு திருகாணியைக் கழற்றியவுடன், கஷாயம் போன்ற பழுப்பு நீர் அந்தத் துளையிலிருந்து வழியத் தொடங்கி வெகுநேரம் நிற்கவில்லை. விற்றவர் பூசியிருந்த வர்ணமோ பளபளவென்று இருந்தது. படகு வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு சிறு சுத்தியலோடு போவது உத்தமம். கண்ணை வர்ணம் ஏமாற்றும், காதை ஏமாற்றாது.

பிரிக்கும் வேலையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வெளிப்படலத்தைத் தொடாமல், உட்பக்கத்தை மட்டும் ஓரம் விட்டு அறுத்து எடுத்து, மக்கிய பலகையை உளியால் சுரண்டி, நல்ல மரம் தென்படுகிற இடத்தோடு நிற்காமல் அதற்கு அப்பாலும் சிறிது தூரம் வெட்டவேண்டும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளுமாகையால், நல்ல தண்ணீரால் கழுவி, நிதானமாக உலரவிடவேண்டும். புதிய பலகை ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டாகவே இருக்கட்டும். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்குகள் பிரியக்கூடாதென்பது அதற்கு வைக்கப்படும் சோதனை. அலமாரி செய்கிற பலகைக்கு அந்த யோக்கியதை இல்லை. பலகையை ஒட்டும்போது கிளாம்பை மூர்க்கமாக முடுக்கினால் பசையெல்லாம் பிதுங்கி ஓடிவிடும். மெல்லப் பிதுங்கும் அளவோடு நிறுத்தவேண்டும். மேலே போர்த்தும் கண்ணாடி இழை பழைய படலத்தைச் சந்திக்கிற விளிம்பை, ஒரு பங்கு கனத்துக்குப் பன்னிரண்டு பங்கு அகலம் என்ற கணக்கில் சரிவாகத் தேய்த்துக்கொண்டால் இணைப்புக்குப் பலம் உண்டு.

இனி என் மனத்துக்கு மிகவும் உகந்த விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பே சிட்டி என்ற ஊரில், மீட் கூஜன், ஜேன் கூஜன் முதலிய சகோதரர்கள், 1969-ஆம் ஆண்டையொட்டிப் படகுத் தொழிலில் இறங்கினார்கள். உறைந்த நீரின்மேல் காற்றின் வேகத்தால் சீறிப் பாயும் பனிப்படகுகளைக் கட்டியவர்கள் அவர்கள். எடை குறையவும் வேண்டும், பலம் குறையாமலும் இருக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில், மரத்தின் ஒவ்வொரு முகத்தையும் எபாக்சி என்ற பிசினால் மூடி, ஈரம் ஏறாதபடி செய்துவிட்டால், மரத்தைப் போன்ற உன்னதமான பொருள் வேறில்லை என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். 1970-இல் மீட் கூஜன் கட்டிய 'அடாஜியோ' என்ற மூவுடல் பாய்ப்படகு பல பத்தாண்டுகள் பந்தயங்களில் ஓடி இந்தக் கொள்கையை மெய்ப்பித்தது. 1979-இல் அவர்கள் வெளியிட்ட படகு கட்டும் கலை நூலை, இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த குருவாகவே நான் கருதுகிறேன். மரமே கூடாது, எல்லாவற்றையும் வார்ப்புக் கலவையாக ஊற்றிவிடுவோம் என்பவர்களுக்கு நான் காட்டுகிற பதில் அந்தச் சகோதரர்கள்தாம். நம் குமரிக் கரையிலும், 1980களில் முட்டத்தில் பியர் ஜிலே என்ற படகு வல்லுநர் போன்றவர்கள் மரைன் பிளைவுட்டைத் தைத்து ஒட்டி, கண்ணாடி இழையால் இணைப்புகளை மூடிய படகுகளை, அலை மோதுகிற மணற்கரையில் ஏற்றியிறக்கும் மீனவர்களுக்கென்று கட்டுவித்தார்கள் அல்லவா? மரம் குற்றவாளியன்று, மூடாமல் விட்ட துளைதான் குற்றவாளி.

அந்தத் துளைக்குக் கூஜன் சகோதரர்கள் சொன்ன உபாயம் மிக எளியது. எஞ்சின் போல்ட்டு 12 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 12 மில்லிமீட்டர் துளை இடாதீர்கள். 20 மில்லிமீட்டர் துளை இடுங்கள். வெளிவாயை டேப்பால் அடைத்துவிட்டு, முதலில் தண்ணீராயிருக்கிற எபாக்சியைத் துளையின் உட்சுவரில் தூரிகையால் பூசுங்கள். மரத்தின் வெட்டுமுகம் அதை உறிஞ்சிக் குடிக்கும். குடித்து அடங்கும்வரை மறுபடியும் பூசுங்கள். பிறகு சிலிக்காத் தூள் கலந்து வெண்ணெய்ப் பதமாக்கிய எபாக்சியைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்புங்கள். அது முற்றிலும் இறுகிய பின்னர், நடுமையத்தில் 12 மில்லிமீட்டர் துளை இடுங்கள். இப்பொழுது போல்ட்டைச் சுற்றிலும் 4 மில்லிமீட்டர் கனமுள்ள கெட்டியான குழாய் ஒன்று அமைந்துவிடுகிறது. என்றைக்காவது சீலன்ட் விலகி நீர் நுழைந்தாலும், அது அந்தக் குழாயைத்தான் நனைக்குமே தவிர மரத்தை எட்டாது. போல்ட்டு மரத்தைத் தொடலாகாது. போல்ட்டு மரத்தைத் தொடவே கூடாது. நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியந்தான்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பாலியெஸ்டர் ரெசினில் ஹார்டனரைக் கூடக்குறைய விட்டுப் பழகியவர்கள், சீக்கிரம் இறுகட்டும் என்று எபாக்சியிலும் அப்படியே செய்கிறார்கள். எபாக்சியில் ஹார்டனர் கூடினாலும் பலவீனமே, குறைந்தாலும் பலவீனமே. தயாரிப்பாளர் சொன்ன அளவை அளந்துதான் ஊற்றவேண்டும். இரண்டாவது, நம் சித்திரை வெயிலில் ஒரு குவளை நிறைய எபாக்சியைக் கலந்து வைத்தால் அது தன் சூட்டிலேயே கொதித்துக் கெட்டியாகிவிடும். அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாக, விடியற்காலையிலோ சாயங்காலத்திலோ வேலைசெய்வது சிலாக்கியம்.

இத்தனை சிரத்தை எதற்கு, தகடு அடித்தால் ஒரே நாளில் முடியுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தகடு அடிப்பதற்கு இன்னும் எத்தனை துளைகள் இடுகிறோம் என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. அந்த ஒவ்வொரு துளையும் மழைநீருக்குத் திறந்த ஒரு வாசல். கரையிலிருந்து பல மைல் தொலைவில் பின்பலகை பிளந்து எஞ்சின் தொங்கினால், மிச்சம்பிடித்த ஒரு நாளால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஆகையால் நேயர்களே, உங்கள் படகைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, விலையைப் பேசுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போல்ட்டுத் துளையை என்ன செய்வீர்கள்?" பெரிதாக்கி, எபாக்சியால் நிரப்பி, மறுபடி துளைப்பேன் என்று பதில் வந்தால், அவர் கேட்கிற கூலியைத் தயங்காமல் கொடுங்கள். சீலன்ட் தடவினால் போதும் என்று பதில் வந்தால், படகை வேறிடத்துக்குக் கொண்டுபோங்கள்.