ஸ்டீரிங் நடுங்கினால்...

காய்கறி ஏற்றிப் போகும் பிக்அப் வண்டி நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகம் தொட்டதும் ஸ்டீரிங் கிடுகிடுவென்று நடுங்குகிறதா? "பழகிப் போச்சு சார்" என்று விட்டுவிடாதீர்கள்.

எப்போது நடுங்குகிறது என்று முதலில் கவனியுங்கள். நோய் தெரியாமல் மருந்து அடிக்கிறது பயிருக்கும் ஆகாது, வண்டிக்கும் ஆகாது. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்தால் பெரும்பாலும் முன்சக்கரத்தின் பேலன்ஸ்தான். ஸ்டீரிங்கில் இல்லாமல் உட்காரும் சீட்டில் தெரிந்தால் பின்சக்கரத்தைப் பாருங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் பிரேக் டிஸ்க். மெதுவாகப் போனாலும் ஆடினால் டயர் புடைத்திருக்கலாம், ரிம் வளைந்திருக்கலாம்.

எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் டை ராடு எண்டு இரண்டையும் மாற்றிப் பார்த்தார். நடுக்கம் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் ரிம்மின் உட்புறம் வயல் சேறு காய்ந்து அப்பிக் கிடக்கிறது! ஒரு பக்கம் கொஞ்சம் எடை கூடினாலே வேகத்தில் சக்கரம் உதறும். ஆகவே முதலில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், காசில்லாத வைத்தியம். அப்புறமும் நிற்காவிட்டால் பேலன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். ரிம்மில் அடித்த ஈயத்துண்டு விழுந்திருக்கலாம்.

சக்கர நட்டு தளர்ந்திருந்தாலோ, டயரில் புடைப்பு இருந்தாலோ, அதைச் சரிசெய்யாமல் லோடு ஏற்றவே வேண்டாம். ஜாக்கி வைத்து, கட்டை கொடுத்து, முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் கண்டால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இடம் வலமாக மட்டும் ஆடினால் டை ராடு எண்டு. ஓட்டத்தில் அது கழன்றால் சக்கரம் ஸ்டீரிங்குக்குக் கட்டுப்படாது. அப்படிப்பட்ட வண்டியைச் சந்தைக்கு எடுக்காதீர்கள். அன்றைக்கு வாடகை வண்டி பிடியுங்கள்.