உப்பும் சர்க்கரையும் கூடிய ஜலம்



மும்பையில் மழை வலுத்த நாட்களில் சுனாபட்டிக்கும் குர்லாவுக்கும் இடையே தண்டவாளத்தின் மேல் ஜலம் ஏறி, ஹார்பர் லைன் வண்டிகள் நின்றுபோவதை இப்பகுதித் தமிழர்கள் நன்கு அறிவார்கள்; சாக்கடையை ஒட்டிச் செல்லும் குடிநீர்க் குழாய்களின் விரிசல் வழியே அசுத்தம் கலந்து, தாராவியிலும் சுனாபட்டியிலும் குழந்தைகளுக்குப் பேதி காண்பதையும் அறிவார்கள். அவ்வேளையில், தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அஞ்சிக் குழந்தைக்கு வாயைக் கட்டிவிடும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பேதியைவிட அந்த வழக்கமே பிராணாபாயமானது என்பேன்.

நம் சரீரத்தில் ஓடும் ஜலம் வெறும் ஜலமன்று. சோடியம், பொட்டாசியம், குளோரைடு முதலியவை மின்னூட்டம் பெற்ற நுண்துகள்களாக அதில் கரைந்திருக்கின்றன. எலக்ட்ரோலைட்டுகள் என்று வைத்தியர்கள் வழங்குவது இவற்றையே. நரம்பின் உணர்ச்சியும், தசையின் சுருக்கமும், இருதயத்தின் துடிப்பும் இவற்றின் அளவு பிசகாதிருப்பதைப் பொறுத்தே நடைபெறுகின்றன. பேதியில் ஜலத்தோடு இவையும் வெளியேறிவிடுவதால், வெறும் தண்ணீரை மட்டுமே ஏராளமாகப் புகட்டினால் இரத்தத்திலுள்ள சோடியம் மேலும் குறைந்து, சோர்வும், முற்றிய நிலையில் வலிப்பும் காணக்கூடும்.

அப்படியானால் உப்பு மட்டும் போதாதா, சர்க்கரை எதற்கு என்று கேட்கலாம். குடலின் உட்சுவரிலே சோடியமும் குளுகோஸும் ஜோடியாகச் சேர்ந்தால் மட்டுமே நுழையக்கூடிய வாயில் ஒன்று உண்டு. அவை நுழைந்தால் ஜலமும் அவற்றைப் பின்தொடர்ந்து உள்ளே செல்லும். காலராவின் விஷம் குடலை எவ்வளவு அலைக்கழித்தாலும் இந்த வாயிலை மட்டும் அடைப்பதில்லை.

இந்த உண்மையின் பலன் 1971-இல் வங்காள எல்லையிலுள்ள பங்காவ் என்னும் ஊரில் பிரத்தியட்சமாயிற்று. வங்கதேசப் போரினால் அகதிகள் லட்சக்கணக்கில் வந்து குவிய, காலரா பரவ, இரத்தக் குழாயில் ஏற்றும் சலைன் புட்டிகள் தீர்ந்துகொண்டிருக்க, திலீப் மஹலநபிஸ் என்ற குழந்தை வைத்தியர், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் கரைசல் தயாரித்து, அதை நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த மரணம் 3.6 விழுக்காடாகக் குறைந்தது. வைத்தியசாலையின் வித்தையைத் தாய்மாரின் கையில் நம்பிக்கையோடு ஒப்படைத்த அந்தத் துணிவையே நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன். அவருக்குப் பத்ம விபூஷண் விருது 2023-இல், மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது. அவர் உயிரோடிருக்கையில் செய்திருக்க வேண்டிய மரியாதை அது.

இக்கரைசலுக்கான பொட்டலத்தைக் கடையில் வாங்குகையில் ஓர் எச்சரிக்கை தேவை. இக்கரைசலுக்கு வழங்கும் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி, சர்க்கரை மிகுந்த இனிப்புப் பானங்கள் காகிதப் பெட்டிகளில் பல வருஷங்கள் விற்கப்பட்டன. மிகுந்த சர்க்கரை குடலுக்குள் ஜலத்தை இழுத்துப் பேதியை அதிகப்படுத்தும். ஹைதராபாத்தின் குழந்தை வைத்தியர் சிவரஞ்சனி சந்தோஷ் விடாது போராடியதன் பயனாக, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அத்தகைய பானங்களுக்கு அப்பெயரிடுவதைத் தடுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி செய்தது என்று அச்சிட்ட பொட்டலத்தையே கேட்டு வாங்குங்கள். அது கிடைக்கும்வரை, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பு மிகுந்தால் அபாயம் என்பதால் கைக்குத் தோன்றியபடி அள்ளிப் போடலாகாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

கண்கள் குழிவிழுந்தாலும், சிறுநீர் நின்றாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், குழந்தை குடிக்க முடியாமல் துவண்டாலும் தாமதியாமல் சயான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்; வழியிலும் கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்லுங்கள். கைக்குழந்தை உள்ள தாய்மார்களே, மழை தொடங்குமுன் இரண்டு பொட்டலங்களை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் கரைக்கும் முறையைச் சொல்லிக்கொடுங்கள்.