மருந்துக்கு வேலி போடுவது யார்?

(வாலாஜாபாத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பேடண்ட் வழக்கு என்றால் அது வக்கீல்கள் சமாசாரம், நமக்கென்ன என்று தோன்றும். நோயாளியை அழைத்துக்கொண்டு காரப்பேட்டை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிய குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனையோ உண்டு. மருந்து என்ன விலை என்பதுதான் அந்த வீடுகளின் முதல் கேள்வி. அதற்குப் பதில் இந்த வழக்குகளில் இருக்கிறது.

பேடண்ட் என்பது, ஒரு பொருளை இன்னாரைத் தவிர வேறு யாரும் செய்யவோ விற்கவோ கூடாது என்று சர்க்கார் இருபது வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கும் தனியுரிமை. போட்டி கிடையாது, அவன் வைத்ததே விலை.

1970ஆம் வருஷச் சட்டம், மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டுமே பேடண்ட் தந்தது. ஆகவே நம் நாட்டில் வேறு முறையில் அதே மருந்தைச் செய்து மலிவாக விற்றார்கள். உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிபந்தனையால் 2005இல் மருந்துக்கே பேடண்ட் வந்தது. அப்போது பார்லிமெண்டில் இடதுசாரிகள் போராடிச் சில தடுப்புகளைச் சேர்க்கச் செய்தார்கள். 3(டி) பிரிவு கடுமையானது அப்படித்தான். பழைய வண்டிக்குப் புதுச் சாயம் பூசிப் புது வண்டி என்று சொல்லாதே. மருந்தின் குணம் கூடியிருந்தால் காட்டு என்பதே அதன் சாரம்.

அந்தப் பிரிவு என்ன செய்தது? ரத்தப் புற்றுநோய்க்கான க்ளீவெக் மருந்துக்கு ஸ்விட்சர்லாந்து நோவார்ட்டிஸ் கம்பெனி 1998இல் சென்னையில் பேடண்ட் கேட்டது. அதன் மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய்; நம் நாட்டில் செய்ததோ சுமார் 10,000 ரூபாய்க்குள். நோயாளிகளின் சங்கம் ஆட்சேபித்தது. 2006இல் பேடண்ட் ஆபீஸ் மறுத்தது. சட்டப் பிரிவே செல்லாது என்று கம்பெனி தொடுத்த வழக்கை 2007இல் சென்னை ஹைகோர்ட் தள்ளியது. 2013 ஏப்ரல் 1இல் சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனியின் அப்பீலைத் தள்ளியது.

அண்மைச் சேதியும் கேளுங்கள். தசையை வற்றச் செய்யும் ஒரு பரம்பரை நோய்க்கு ரிஸ்டிப்ளாம் என்று மருந்து. ரோஷ் கம்பெனி விலை புட்டிக்குச் சுமார் ஆறு லட்சம் ரூபாய். ஹைதராபாத் நாட்கோ கம்பெனி அதைச் செய்யக் கூடாதென்று ரோஷ் தடை கேட்டது. இது ரோஷின் முந்திய பேடண்டிலிருந்தே எட்டக்கூடியதுதான் என்று முதல் நோக்கில் கருதி, டில்லி ஹைகோர்ட் 2025 மார்ச்சில் தடை மறுத்தது; அக்டோபர் 9இல் அப்பீலும் தள்ளுபடி. அதே மாதம் 17இல் சுப்ரீம் கோர்ட் தலையிட மறுத்தது. நாட்கோ வைத்த விலை 15,900 ரூபாய். இவை தடை பற்றிய உத்தரவுகள்தாம். பேடண்ட் செல்லுமா என்பதன் முடிவான தீர்ப்பு அல்ல.

நாட்கோவும் தர்மசத்திரம் அல்ல, லாபத்துக்கு நடக்கும் கம்பெனிதான். அந்த 15,900 ரூபாயைக்கூட நாற்று நடும் பெண் ஒரு மாதக் கூலியில் காண முடியாது. ஆகவே விலை குறைந்ததோடு காரியம் முடியவில்லை. சர்க்கார் வாங்கி ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தர வேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள். கோர்ட் தானாகக் கருணை காட்டவில்லை. சட்டத்தில் உள்ளதைப் படித்தது. அந்தச் சட்டத்தில் பிரிவை எழுத வைத்தது போராட்டம். எழுதியதை அழிக்கவும் ஆட்கள் உண்டு. பேடண்ட் தருமுன் யாரும் ஆட்சேபிக்கலாம் என்ற உரிமைக்கு 2024 விதித் திருத்தம் கட்டணமும் புதுத் தடங்கலும் வைத்துவிட்டது. அந்நிய நாடுகளுடன் வர்த்தக ஒப்பந்தம் பேசும்போதெல்லாம் மருந்துக் கம்பெனிகள் இன்னும் கேட்கும்.

3(டி) பிரிவில் கை வைக்காதே! ஆட்சேபிக்கும் உரிமையைத் திருப்பிக் கொடு! ஏழைக்கு மருந்து இலவசம்! இந்தக் கோரிக்கைகளை ஆலை வாசலுக்கும் களத்துமேட்டுக்கும் எடுத்துச் செல்லுங்கள்.