சூதாட்டப் பணத்தில் சமுதாயப் பணியா?

  

"லாட்டரி ஹராம் என்கிறீர்கள். அந்தப் பணத்தில் ஏழைகளுக்கு நல்லது செய்தால்கூடவா ஹராம்?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பிரிட்டனை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

1994 நவம்பரில் அங்கே தேசிய லாட்டரி தொடங்கியது. அன்று சீட்டு விற்ற ஒவ்வொரு பவுண்டிலும் சுமார் 50 பென்ஸ் பரிசுக்கு, 12 பென்ஸ் அரசு வரிக்கு, 28 பென்ஸ் 'நற்பணி'க்கு; மீதி கடைக்காரருக்கும் நடத்தும் கம்பெனிக்கும் என்று பிரித்தார்கள். நற்பணிப் பணத்தைப் பங்கிடத் தனி அமைப்புகள் உண்டு. முதியோர் மன்றம், இளைஞர் குழு, தெருச் சங்கம் எதுவும் மனுச் செய்யலாம். இங்கிலாந்தில் சிறு அமைப்புகளுக்கு 300 முதல் 20,000 பவுண்டு வரை கிடைக்கிறது. வாங்கியவர் லாட்டரிச் சின்னத்தைப் போட்டு நன்றி தெரிவிக்க வேண்டும்.

இதில் பயனே இல்லையா? இருக்கிறது! குர்ஆனும் அதை மறுக்கவில்லை. மதுவிலும் சூதாட்டத்திலும் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டு, ஆனால் பயனைவிடக் கேடு பெரிது என்றுதான் சொல்கிறது (2:219). அது என்ன பயன்? அறியாமைக் கால அரபிகள் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளைக் குலுக்கிப் பங்கு போடுவார்கள். தோற்றவன் தலையில் ஒட்டகத்தின் விலை விழும். ஜெயித்தவன் இறைச்சியைத் தான் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமையடிப்பான். தஃப்ஸீர் நூல்களில் இந்த விவரம் இருக்கிறது. ஏழையின் வயிறு நிறைந்தது. ஆனாலும் அல்லாஹ் தடுத்தான்!

சிந்தியுங்கள், அந்த 28 பென்ஸ் யாருடைய காசு? 2015 முதல் அங்கே 59 எண்களில் ஆறைச் சரியாகச் சொன்னால்தான் முதல் பரிசு. வாய்ப்பு நாலரைக் கோடியில் ஒன்று! தோற்றவர்களின் காசைத் திரட்டி, அதில் ஒரு பங்கை அவர்கள் தெருவுக்கே 'மானியம்' என்று கொடுப்பது தர்மமா? தமிழக அரசும் 1968-ல் லாட்டரியைத் தொடங்கி, 2003-ல் தடை செய்தது. கஜானாவுக்கு வந்த வருமானம், வீடுகளில் எரிந்த அடுப்பை அணைத்ததை நாம் மறக்கவில்லை.

இந்த மானியத்தை வாங்கலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். சுவரில் லாட்டரிச் சின்னத்தை மாட்டிய மன்றத்தில் நின்று, "தம்பி, சூதாடாதே" என்று எந்த வாயால் சொல்வீர்கள்? சீட்டு விற்பனை குறைந்தால் மானியமும் குறையும். அப்படியானால் பிறர் சூதாட வேண்டும் என்று எதிர்பார்த்தல்லவா நம் மன்றம் நடக்கும்!

வியாபாரிகளே! ஜகாத் கடமையான ஒரு லட்சத்துக்கு 2,500 ரூபாய். அதைக் கணக்குப் பார்த்து எடுத்து, ஊர் பைத்துல்மாலில் சேருங்கள்; உரிய ஏழைகளுக்கு அது போகட்டும். மன்றம் நடத்த மாதச் சந்தாவும் ஸதகாவும் தாருங்கள். இளைஞர்களே! வரவு செலவை எழுதி, ஜும்ஆ அன்று பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். கணக்கு சுத்தமாக இருந்தால் கொடுக்கும் கை தயங்காது.

தொகை சிறியதாக இருக்கட்டும். தூயதாக இருக்கட்டும். அல்லாஹ் பரக்கத் செய்வானாக!