சாமி மாறினாலும் கணக்கு தொடரும்

(புதிய பங்குத்தந்தை வரவேற்பு விழாவில் கூட்டமைப்பு சார்பில் ஆற்றிய உரை)



வாங்க சாமி. மாரண்டஹள்ளி உங்களை மனசார வரவேற்குது.

நம்ம தருமபுரி மறைமாவட்டம் 1997-ல் சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. அதற்கு முன்பே, 1989-ல், தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் நம்ம மாவட்டத்தில்தான் தொடங்கியது. நோட்டும் பேனாவும் எங்க பெண்கள் கைக்குப் பழகினது அப்படித்தான்.

முன்னே இருந்த சாமி மாறுதலில் போனப்ப, "இனி குழு என்ன ஆகும்?"னு சில அக்காங்க கலங்கினாங்க. அடுத்த வாரமும் கூடினோம். சேமிப்பு கட்டினோம், கடன் தவணை வாங்கினோம், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டோம். கலங்கினவங்களுக்குத் தைரியம் வந்தது.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்புப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்கணும். இறைமக்கள் அதில் இருந்து பங்குத்தந்தைக்கு உதவணும். இறைமக்கள்னா பெண்களும்தானே சாமி? கணக்கு எழுதிப் பழகின எங்களில் இரண்டு பேருக்காவது அதில் இடம் கொடுங்க.

இன்னொரு வேண்டுகோள். எங்க குழுக்களில் இந்து, முஸ்லிம் சகோதரிகளும் இருக்காங்க. எல்லாரும் கூடுவது பங்கு மண்டபத்தில்தான். அந்தக் கதவு எப்பவும் போல எல்லாருக்கும் திறந்திருக்கணும்.

மாதம் ஒருநாள் வந்து எங்க புத்தகங்களைப் பாருங்க சாமி. குறை இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறோம்.