கல்லில் நின்ற நாய்கள்
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது நாட்டுச் சிற்பங்களில் ஒவ்வொரு விலங்கும் ஒரு கருத்தைத் தாங்கி நிற்பதாகும். சோழர் புலியைத் தம் இலச்சினையாகக் கொண்டனர். இராஜசிம்ம பல்லவன், தான் எடுப்பித்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் தூண்களில் சிங்கங்களை நிறுத்தினான். இவை அதிகாரத்தின் அடையாளங்கள்.

நிற்க. நாயின் நிலை யாது? ஒருவரை இகழ வேண்டின் நாம் முதலில் எடுப்பது அதன் பெயரையே. நம் முன்னோரோ அதனைப் பெயர் சொல்லிப் போற்றினர்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நாட்டப்பட்ட நடுகல் ஒன்றுளது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மடிந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்குரியது அது. அவனுடன் அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதெனக் கல்வெட்டுக் கூறுகின்றது.

கன்னட நாட்டு ஆதகூரிலும் இத்தகைய கல்லொன்று நாட்டப்பட்டது. 949-இல் நிகழ்ந்த தக்கோலப் போரையும் அதன் எழுத்துக்கள் கூறும். மணலேரன் என்னும் வீரனின் ஆண்மையை மெச்சி, 'வேண்டுவது கேள்' என்றான் கங்க மன்னன் பூதுகன். அவன் கேட்டது காளி என்னும் வேட்டை நாயையே. பின்னொரு நாள் அந்நாய் பெரியதொரு காட்டுப்பன்றியோடு பொருதது, இரண்டும் மடிந்தன. அக்காட்சியையே சிற்பி கல்லில் வடித்தான். அக்கல்லுக்கு வழிபாடு நடைபெற நிலமும் விடப்பட்டது. அஃது இப்பொழுது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

அன்பர்களே! புலியும் சிங்கமும் ஆள்வோர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டவை. நாய்க்குக் கிடைத்த சிறப்போ பிறர் நன்றியால் அளித்தது. அதன் குலத்தை எவரும் வினவவில்லை. செயலைக் கண்டே கல் நட்டனர். நம் போன்ற சங்கங்கள் பழம்பெருமையை நாட்டச் சிங்கக் கொடியையும் அரச பட்டங்களையும் தேடுகின்றன. நம்மை அண்டியிருப்போரைக் காத்தோமா என்னும் கேள்வியன்றோ அதனினும் முதன்மையானது? ஏழைப் பிள்ளையின் படிப்பு, ஆதரவற்ற விதவையின் சீவனம், இவற்றில் நாம் செய்தது எவ்வளவு?

மற்றொன்றும் வேண்டுகின்றோம். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் பல கவனிப்பாரற்றுச் சாய்ந்துள்ளன. அவை துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்காற் பாலமாகவும் ஆகாவண்ணம் காப்பது நம் கடமை. உங்கள் ஊரில் அத்தகைய கல்லிருப்பின், அதனை நிமிர்த்தவோ பெயர்க்கவோ முற்படாமல், தொல்லியல் துறையினருக்கு அறிவியுங்கள். எவ்வகுப்பாருடைய கல்லாயினும் அவ்வாறே செய்வோமாக.