கையூட்டும் அவையுரிமையும்



சிற்றூர்க் கணக்கனொருவன் நூறு உருபாவுக்குக் கைநீட்டினால், மருந்துத்தூள் தடவிய பணத்தாளொடு காவல்துறை வந்து அவனைக் கையுங்களவுமாகப் பிடிக்கின்றது. அவன் பிழைப்பும் அன்றோடு போய்விடுகின்றது. அக் கணக்கனைப் பிடிக்கும் சட்டத்தைச் செய்தளிக்கும் சட்டமன்ற உறுப்பினனே பணம் பெற்றுக்கொண்டு ஒப்போலை யிட்டால் அவனைச் சட்டம் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது என்பதே இந்நாட்டின் உச்சநயன்மன்றம் 1998-இல் தந்த விடை. அவ்விடை 2024 வரை, இருபத்தாறாண்டுக் காலம், நாடு முழுவதையும் கட்டுப்படுத்தியது. அது வந்த வகையும் போன வகையும் ஒவ்வொரு குடிமகனும் அறிந்திருக்க வேண்டியவை.

1993 சூலையில் நரசிம்மராவ் அமைச்சரவைமீது மக்களவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அன்றைக்கு அவையில் இருந்தோர் 528 பேர். ஆளுங்கட்சியினர் 251 பேரே. பெரும்பான்மைக்குப் பதினால்வர் குறைவு. சூலை 28-ஆம் பக்கல் எண்ணிப் பார்த்தபொழுது தீர்மானத்திற்கு 251 ஒப்போலைகளும், எதிராக 265 ஒப்போலைகளும் விழுந்திருந்தன. குறைந்த பதினான்கும் எங்கிருந்தோ வந்து நிறைந்துவிட்டன! சார்க்கண்டு விடுதலை முன்னணியைச் சேர்ந்த சிபு சோரன் உள்ளிட்ட நால்வரும் வேறு சிலரும் பணம் பெற்றே ஆட்சியைக் காத்தனர் என்பது நடுவண் புலனாய்வுத்துறை பின்னர்த் தொடுத்த வழக்கு. பெற்ற பணத்தில் ஒரு பகுதி வங்கிக் கணக்கிலேயே இடப்பட்டதென்றும் அக் குற்றச்சாட்டுக் கூறிற்று. மறைக்கவேண்டும் என்னும் அச்சங்கூட இல்லாத காலம் அது போலும்!

குற்றஞ்சாட்டப்பட்டோர் அரசமைப்பின் 105-ஆம் பிரிவைக் கேடயமாகப் பிடித்தனர். அவையில் உறுப்பினர் பேசிய பேச்சுக்கும் இட்ட ஒப்போலைக்கும் எந்த வழக்குமன்றமும் அவர்மேல் நடவடிக்கை எடுத்தலாகாது என்கின்றது அப் பிரிவு. மாநிலச் சட்டமன்றங்களுக்கு 194-ஆம் பிரிவு அதே சொற்களில் அதே காப்பைத் தருகின்றது. இக் காப்பின் வேர் ஆங்கில நாட்டின் 1689-ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தில் உள்ளது. அரசனை எதிர்த்துப் பேசியவரைச் சிறையிலிட்ட கொடுமையினின்று மக்களின் பேராளரைக் காக்கப் பிறந்தது அது. நாவினைக் காக்கப் பிறந்த வேலி பணப்பையைக் காக்கும் வேலியாக மாறிய கதையே இவ் வழக்கின் கதை.

1998 ஏப்பிரல் 17-ஆம் பக்கல் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. மூவர் ஒருபுறம், இருவர் மறுபுறம். கையூட்டுப் பெற்று, அதற்கேற்ப ஒப்போலையும் இட்டவர்க்குக் காப்புண்டு என்றனர் மூவர். பெற்றதாகச் சொல்லப்பட்டும் ஒப்போலை இடாதிருந்த அசித் சிங்குக்குக் காப்பில்லை. கொடுத்தவர்க்கும் இல்லை. இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு, வாங்கிய பணத்துக்கு ஒழுங்காக வேலை செய்தவன் தப்பினான். வாங்கியும் செய்யாதவன் மாட்டிக்கொண்டான்! கள்ளர்க்குள்ளும் வாய்மையைப் போற்றிய நயன்மை இது! அகர்வால், ஆனந்து ஆகிய நடுவர் இருவர் இதனை மறுத்து எழுதினர். அவர் எழுத்து ஏட்டில் உறங்கியது. கொடுத்தவர் கதையும் நெடுநாள் நீளவில்லை. நரசிம்மராவும் பூட்டாசிங்கும் குற்றவாளிகள் எனத் தனி வழக்குமன்றம் 2000-இல் தீர்த்தது. தில்லி உயர்நயன்மன்றம் 2002-இல் இருவரையும் விடுவித்தது. வாங்கியவர் காப்பினால் வெளியேறினர். கொடுத்தவர் மேன்முறையீட்டால் வெளியேறினர்.

வியப்பென்னவெனில், இத் தீர்ப்பைச் சாய்த்த வழக்கும் அதே குடும்பத்தினின்றே எழுந்தது. சிபு சோரனின் மருமகள் சீதா சோரன் சார்க்கண்டுச் சட்டமன்ற உறுப்பினராய் இருந்தார். 2012 மார்ச்சில் மாநிலங்களவைத் தேர்தலில் கட்சிசாரா வேட்பாளர் ஒருவரிடம் பணம் பெற்றார் என்பது அவர்மேல் வந்த குற்றச்சாட்டு. அத் தேர்தலின்போது பெருந்தொகை சிக்கியதால் தேர்தல் ஆணையம் அத் தேர்தலையே விலக்கி மறுதேர்தல் நடத்தியது. சீதா சோரனோ, தம் கட்சி வேட்பாளருக்கே தாம் ஒப்போலை இட்டதாகவும், 194-ஆம் பிரிவின் காப்புத் தமக்குண்டென்றும் வழக்காடினார். சார்க்கண்டு உயர்நயன்மன்றம் 2014-இல் அதை ஏற்கவில்லை. மேன்முறையீடு மூவர் அமர்வினின்று ஐவர்க்கும், ஐவரினின்று எழுவர்க்கும் ஏறிச் சென்றது. 2024 மார்ச்சு 4-ஆம் பக்கல் எழுவரும் ஒருமனமாய் 1998-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தள்ளினர். கையூட்டைப் பெற்ற நொடியிலேயே குற்றம் நிறைவெய்திவிடுகின்றது. பின்னர் அவர் எப்படி ஒப்போலை இட்டார், இட்டாரா இல்லையா என்பவை பொருட்டல்ல. கையூட்டுப் பெறுதல் அவைப்பணியும் அன்று, அவையுரிமையும் அன்று என்பது அவர் முடிபு. குற்றம் நடந்ததா என்பதை அத் தீர்ப்புத் தீர்மானிக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். உசாவலுக்குக் கதவு திறந்தது, அவ்வளவே.

இனி, அக் கதவின் வழியே உள்ளே வருபவர் யார் என்பதே அடுத்த வினா; மாநிலங்களுக்கு அதுவே பெரிய வினாவுமாம். மராட்டிய முதலமைச்சராயிருந்த அந்துலேயின் வழக்கில் 1984-இல் சட்டமன்ற உறுப்பினர் அரசூழியர் அல்லர் என்றது உச்சநயன்மன்றம். 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் வந்த பின்னரே அவர் அச் சட்டத்தின் கைக்குள் வந்தார். முதலமைச்சர் அரசூழியரே என்பதோ 1979-இலேயே, கலைஞர் கருணாநிதி தொடுத்த வழக்கில், தீர்ந்துபோயிற்று. அவ் வழக்கின் பின்புலம் தமிழர் மறக்கத்தக்கதன்று. தி.மு.க. ஆட்சிமீது ஊழல் முறையீடு தில்லிக்குச் சென்றது 1972-இல். சர்க்காரியா ஆணைக்குழு அமைந்தது 1976 பிப்பிரவரியில். சனவரி 31-இல் ஆட்சியைக் கலைத்தபின்! முறையீட்டுத் தாள் மூன்றாண்டுக்கு மேல் தில்லியில் உறங்கிக் கிடந்து, கலைப்புக்குப்பின் சில நாள்களில் விழித்துக்கொண்டது. குற்றம் உண்டா இல்லையா என்பது வேறு. உசாவலின் கடிவாளம் எவர் கையில் இருந்தது என்பது வேறு. முன்னதை மூடிமறைக்கப் பின்னதைப் பேசுதல் கூடாது. பின்னதைப் பேசாமல் விடுதலும் கூடாது.

கருநாடகத்திலும் அதே கதைதான். தேவராச அர்சு அமைச்சரவைமீது எழுந்த குற்றச்சாட்டுகளை ஆய மாநில அரசு 1977 மேயில் ஓர் ஆணைக்குழு அமைத்தது. சில நாள்களிலேயே நடுவணரசு குரோவர் தலைமையில் தன் குழுவை அமைத்தது. தன்னைத் தானே ஆய்ந்துகொள்ள முனைந்த மாநிலமும் நேர்மையாய் நடக்கவில்லை. நடுவணரசின் விரைவும் தூயதென்று சொல்லவியலாது. மாநிலம் வழக்காடித் தோற்றது. மாநில அமைச்சர்களை ஆய நடுவணரசு குழு அமைக்கலாம் என்று பெரும்பான்மை நடுவர் தீர்த்தனர். நடுவண் புலனாய்வுத்துறை மாநிலத்துள் நுழைய மாநில அரசின் இசைவு வேண்டும் என்று 1946-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. தமிழ்நாடு அப் பொது இசைவை 2023 சூனில் திரும்பப் பெற்றது. ஆயினும் உயர்நயன்மன்றமோ உச்சநயன்மன்றமோ ஆணையிட்டால் இசைவு வேண்டுவதில்லை.

தில்லியின் கடிவாளத்தை வெறுப்போர் தம் வீட்டில் தாமே ஒரு காவலை வைத்திருத்தல் வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டு, பராந்தகச் சோழன் காலத்தது. 919, 921 ஆண்டுகளைச் சார்ந்தது. அது நான்மறையாளர் ஊரவையே எனினும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலைக்கு ஆகார் என்று கல்லில் வெட்டி வைத்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 1973-இல் பொதுவாழ்வினர் குற்ற ஒழுக்கச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. அமைச்சரும் சட்டமன்ற உறுப்பினரும் அதனுள் அடங்கினர். 1974-இல் நடைமுறைக்கு வந்த அச் சட்டம் 1977-இல் நீக்கப்பட்டது. அதன் பின்னர் மக்கள் முறைமன்றச் சட்டம் என்று சொல்லத்தக்க உலோகாயுக்தாச் சட்டம் தமிழ்நாட்டில் இயன்றது 2018-இல். இடைப்பட்ட நாற்பத்தோராண்டில் ஆட்சி பலமுறை கைம்மாறியது. எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபொழுது ஊழலைப் பேசாத கட்சியும் இல்லை. ஆளும் வரிசைக்கு வந்தபின் அச் சட்டத்தை மீட்டுக் கொணர்ந்த கட்சியும் இல்லை.